காகிதம் ஒட்டிய அறை

விளக்கைப் போட்டதும் அது ஓடவில்லை.

காலை ஆறரை மணி. மழை மூட்டத்தில் சமையலறை இருண்டு கிடந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஒரு கரப்பான் உட்கார்ந்திருந்தது. செம்பழுப்பு முதுகில் எண்ணெய் தடவிய மினுமினுப்பு. கடலோரமாகக் குடிவந்த நாலு வருடத்தில் இந்த ஜாதியை அவள் எத்தனையோ பார்த்திருக்கிறாள். வெளிச்சம் பட்ட மாத்திரத்தில் தலைதெறிக்க ஓடும். இது ஓடவில்லை. இரண்டு மீசைகளையும் நிதானமாக அவள் பக்கம் திருப்பியது.

செருப்பைக் கழற்றி ஓங்கி அடித்தாள். படக். காகிதத்தில் அள்ளி வெளியே எறிந்துவிட்டுத் திரும்பினாள்.

அதே விளிம்பில், அதே இடத்தில், இன்னொன்று உட்கார்ந்திருந்தது.

அதை அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்டது. கணவர் வந்துவிட்டார். இனி இந்த வீட்டில் சத்தம் என்பதே கூடாது.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் தூக்கம். காலை எட்டு மணிக்குப் படுத்தால் மாலை நாலு மணி வரை அவருக்கு நடுநிசி. அந்த எட்டு மணி நேரத்துக்குக் காவல் அவள். குக்கர் விசில் அடிக்காது. மணி அடிக்காமல் இருக்க வாசலில் அழைப்பு மணியைக் கழற்றிவிட்டாள். மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் பிள்ளைகளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்து வைத்து, தெருவில் அவளுக்குப் பெயரே 'உஷ் அக்கா' என்றாகிவிட்டது.

முகம் கழுவிவிட்டு வந்தவரின் கண்கள் சிவந்திருந்தன.

"இன்னிக்காவது தூங்க விடுவானா அந்த மீசைக்காரன்?"

"நீங்க படுங்க. ஒரு ஈ, காக்கா உள்ள வராது. நான் பாத்துக்கறேன்."

"ஈ வரட்டும், காக்கா வரட்டும். அவன் வரக்கூடாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விளையாட்டில்லை. போன வாரம் தூக்கத்தில் அவர் உதட்டின் மேல் கரப்பான் ஒன்று ஏறி நின்றது. அலறி எழுந்தவர் அதற்குப் பிறகு இரண்டு நாள் கண்ணை மூடவில்லை. மூன்றாம் நாள் இரவு, தரையிலிருந்து பத்து மாடி உயரத்தில், கிரேன் கூண்டுக்குள் அரை நொடி அசந்துவிட்டார். இருபது டன் பெட்டி கீழே நின்ற ஓர் ஆளின் தோளுக்கு ஒரு முழம் தள்ளி இறங்கியது. அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேற்பார்வையாளர் கத்தித் தீர்த்தார். கணவர் வீட்டுக்கு வந்து, உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தடவை அசந்தேன்னா யாராவது செத்துருவாங்க" என்றார் அன்று.

ஆக, தூக்கம். எப்பாடு பட்டாவது எட்டு மணி நேரத் தூக்கம்.

படுக்கையறைக் கதவு சாத்தப்பட்டது. அது பகலிலும் இருட்டு குறையாத அறை. ஜன்னல் இரண்டிலும் செய்தித்தாள் ஒட்டி, அதன் மேல் கறுப்புத் தாள் ஒட்டியவள் அவள்தான். கடல்காற்றின் ஈரத்தில் மாதம் ஒரு முறை ஓரம் பிய்ந்து தொங்கும். அதன் மேலேயே இன்னொரு தாள் ஒட்டிவிடுவாள். நாலு வருடத்தில் அது தாளாக இல்லை, மெத்தையாகிவிட்டது. ஊசிமுனை வெளிச்சம் வராது. அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

போன வாரம் வந்த கரப்பான் மருந்துக்காரர் அந்த அறையைப் பார்க்கவில்லை. கணவர் தூங்கிக்கொண்டிருந்தார், அவள் கதவை மறித்து நின்று உதட்டில் விரல் வைத்தாள். மருந்துக்காரர் சமையலறையிலும் குளியலறையிலும் பசை மருந்தைப் பொட்டுப் பொட்டாக வைத்தார். நெடி அடிக்கும் மருந்து வேண்டாம் என்று அவள் சொன்னதால், கிளம்பும்போது ஒரு யோசனை சொல்லிவிட்டுப் போனார்: "ரூம் கதவு இடுக்கையெல்லாம் அடைச்சிருங்கக்கா. வழி இருந்தாத்தானே உள்ள போகும்?"

அதை இன்று செய்தாள். ஒட்டு நாடாவை இழுத்தால் சர்ரென்று ஊரே எழுந்துகொள்ளும். அதனால் அடுப்பில் மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சினாள். பழைய செய்தித்தாளை நீள நீளமாகக் கிழித்தாள், அதையும் சத்தம் வராமல், தண்ணீரில் நனைத்து நனைத்து. கதவுக்கு அடியில், பக்கங்களில், சாவித் துவாரத்தில், கீல் இடுக்கில், ஈரத் துண்டுகளை விரலால் நீவி நீவி ஒட்டினாள். மேலே காற்றுத் துவாரத்துக்குப் பொடி வலை அடித்திருந்தது, மூச்சுக்குக் குறையில்லை. ஒன்பது மணிக்கு வேலை முடிந்தது. தள்ளி நின்று பார்த்தாள். இனி ஓர் எறும்புகூட நுழைய முடியாது.

சமையலறைக்குத் திரும்பினாள். தொட்டி விளிம்பு காலியாக இருந்தது.

அலமாரியைத் திறந்தாள். இல்லை. எரிவாயு உருளைக்குப் பின்னால் எப்போதும் நாலைந்து இருக்கும். இல்லை. குளியலறைச் சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஈரம் மட்டும் பளபளத்தது. மருந்து வேலை செய்துவிட்டதா? செய்திருந்தால் செத்துக் கிடக்க வேண்டுமே. பெருக்கித் தள்ள ஒரு கால், ஒரு சிறகுகூட இல்லை. பொட்டுப் பொட்டாக வைத்த மருந்து வைத்தபடியே காய்ந்திருந்தது.

வீடு காலி. அவளுக்கு நிம்மதி வர வேண்டும். வரவில்லை.

சுவர்கள் வியர்த்திருந்தன. கொடியில் மூன்று நாளாகக் காயாத துணியின் முடைநாற்றத்தோடு வேறொரு வாடையும் கலந்திருந்தது. சிக்குப் பிடித்த எண்ணெய், அதற்கடியில் ஒரு மெல்லிய இனிப்பு. அது எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்தாள். நடை படுக்கையறைக் கதவில் போய் முடிந்தது.

காதைக் கதவில் வைத்தாள்.

மின்விசிறியின் சுழற்சி. அதற்குள் அவருடைய மூச்சு, சீராக, ஆழமாக. அப்பாடா, தூங்குகிறார். காதை எடுக்கப் போனவள் எடுக்காமல் நின்றாள். மூச்சுக்கும் விசிறிக்கும் நடுவில் இன்னொரு சத்தம் இருந்தது. உலர்ந்த சத்தம். யாரோ நிதானமாகச் செய்தித்தாள் படிக்கிறார்கள். ஒரு பக்கத்தைப் புரட்டுகிறார்கள். மறுபடி புரட்டுகிறார்கள்.

பால்கனிக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, மருந்துக்காரரை அழைத்தாள்.

"என்னக்கா, ஏன் இப்படி ரகசியம் பேசுறீங்க? யாராவது கேட்டா நம்மளத் தப்பா நினைச்சிருவாங்க."

"விளையாடாதீங்க தம்பி. வீட்ல ஒண்ணையும் காணோம்."

"நல்லதுதானே! இதுக்கா போன் பண்ணீங்க? எத்தனை செத்துக் கிடக்குது?"

"ஒண்ணுகூட இல்ல. மருந்தைத் தொடவே இல்ல. காலைல லைட்டு போட்டாக்கூட ஓடல. இப்ப சுத்தமா எதுவும் இல்ல."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"கதவை அடைச்சீங்களா?"

"அடைச்சிட்டேன். ஒரு இடுக்கு விடல."

"எதை வெச்சு அடைச்சீங்க?"

"பேப்பர்தான். டேப் சத்தம் போடுமேன்னு மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன்."

"மைதாவா?" என்றார். "அக்கா, அதுங்களுக்கு அதைவிட வேற விருந்தே வேணாம். சரி, வெளிப்பக்கம்தானே, கிழிச்சிப் போட்டுருங்க. உள்ள ரூம்ல பேப்பர் ஏதாவது ஒட்டியிருக்கா?"

"ஜன்னல்ல ஒட்டியிருக்கேன். வெளிச்சம் வரக்கூடாதுன்னு."

"அதுவும் மைதாவா?"

"நாலு வருஷமா."

"எத்தனை கனம் இருக்கும்?"

அவள் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துக் காட்டினாள். போனில் அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. விரிந்த விரல்களைத் தானே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, கேக்குதா? அவரை எழுப்புங்க."

"அவர் தூங்கணும் தம்பி. இன்னிக்குத் தூங்கலன்னா..."

"வீட்ல இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க? நீங்க அடைச்சது வெளிய இருக்கிறதை இல்லக்கா. எழுப்புங்க. நான் கிளம்பிட்டேன்."

கதவின் முன்னால் வந்து நின்றாள். எழுப்புவதற்குக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

தூங்கி ஒன்றரை மணி நேரம்தான் ஆகிறது. இப்போது எழுப்பினால் மறுபடி தூங்க மாட்டார். இரவு கிரேன் ஏறுவார். கீழே யாரோ ஒருவர் நிற்பார். யாரோ ஒருத்தியின் கணவர். மூச்சு சீராகத்தானே கேட்கிறது? கடித்திருந்தால் அலறியிருப்பார். உதட்டில் ஒன்று ஏறியதற்கே அலறியவர். அவர் அலறவில்லை என்றால் உள்ளே ஒன்றுமில்லை என்றுதானே பொருள்? மருந்துக்காரர் வரட்டும். பத்து நிமிடம். பத்தே நிமிடம்.

மின்சாரம் போனது.

விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. வீட்டின் மற்றச் சத்தங்களும் அதோடு அடங்கின. இப்போது அது தெளிவாகக் கேட்டது. ஒருவர் படிக்கவில்லை. ஒரு கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் பக்கம் புரட்டினார்கள்.

பிறகு அதுவும் நின்றது.

குனிந்த அவள் கண்ணுக்கு நேராக, சாவித் துவாரத்தில் ஒட்டியிருந்த ஈரத்தாள் லேசாக உப்பியது. நடுவில் ஒரு துளை விழுந்தது. துளை வழியாக ஒரு மீசை வெளியே வந்தது. அவள் மூச்சுக்காற்றில் அது அசைந்தது. பக்கத்தில் இன்னொன்று. கீல் இடுக்கில். கதவுக்கு அடியில், அவள் கால்விரல்களுக்கு எதிரே, வரிசையாக.

கிழித்தாள். நகக் கண்ணில் பசை அப்ப, எல்லாவற்றையும் பிய்த்து எறிந்தாள். எதுவும் வெளியே ஓடி வரவில்லை. மீசைகளை உள்ளே இழுத்துக்கொண்டன. அவ்வளவுதான்.

கதவைத் தள்ளினாள்.

அந்த இனிப்பு வாடை முகத்தில் அறைந்தது. வெக்கை. ஈரம்.

அறையில் வெளிச்சம் இருந்தது. இருக்கவே கூடாது. ஜன்னல் தாளில் நூறு ஓட்டைகள், நூறு வெளிச்சக் கம்பிகள். மெத்தைபோல இருந்த தாள் வற்றி, சல்லடையாகத் தொங்கியது. உள்ளே எதுவும் இல்லை. வெறும் கூடு.

அப்படியானால் எங்கே?

கட்டிலைப் பார்த்தாள்.

அவர் மல்லாந்து படுத்திருந்தார். கழுத்து வரை போர்த்தியிருந்தார். செம்பழுப்புப் போர்வை. அந்த நிறத்தில் வீட்டில் போர்வை கிடையாது. அவருடைய மூச்சுக்கு அது ஏறியது. இறங்கியது. விளிம்பில் மீசைகள். ஆயிரம். அதற்கு மேல். எல்லாம் மூச்சோடு ஏறி, மூச்சோடு இறங்கின. நெற்றியில் ஒன்று. மூடிய இமைக்கு மேல் ஒன்று. உதட்டில் நாலு.

கத்த வாயைத் திறந்தாள்.

இமை மேல் இருந்தது நகர்ந்து வழிவிட்டது. அவர் கண் திறந்தார். கண்ணில் சிவப்பு இல்லை. பயம் இல்லை. நாலு வருடத்தில் அவள் பார்த்தேயிராத, நன்றாகத் தூங்கித் தெளிந்த முகம்.

"கத்தாத" என்றார், உதட்டை அதிகம் அசைக்காமல். "எல்லாரும் அசந்து தூங்குறாங்க."

"என்னங்க..."

"நீயும் எத்தனை நாளாத் தூங்கல. வா."

அவள் பின்னால் ஓர் அடி வைத்தாள். குதிகாலில் ஏதோ மெத்தென்று பட்டது. கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் பார்வை கட்டிலை விட்டு வரவில்லை.

போர்வை அசைந்தது. அவருக்குப் பக்கத்தில், கட்டிலின் காலிப் பாதியில் அப்பியிருந்தவை ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அவசரமில்லாமல் ஒதுங்கத் தொடங்கின. அடியிலிருந்து வெள்ளை விரிப்பு தெரிந்தது. முதலில் தலை வைக்கும் அளவுக்கு. பிறகு தோள் அகலத்துக்கு. பிறகு இடுப்பு. கால். சரியாக அவள் உயரத்துக்கு வந்ததும் நின்றன.