திருப்பிக் கொடுத்த சத்தியம்

"காலங்காத்தால இன்னாத்தடி உருட்டிக்கினு கீற?"

கூடத்திலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தபோது வேம்புலியம்மாள் மாடிப்படிக்கு அடியில் குந்தியிருந்தாள். பழைய செருப்புகள், உடைந்த வாளி, சிமெண்ட் சாக்கு... எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்தாயிற்று. மகனின் ஸ்கேட்டிங் ஷூவை மட்டும் காணோம்!

"அருளோட ஷூ அண்ணி... பையில போட்டு இங்கதான் வச்சிருந்தேன். பத்து மணிக்கு அவனுக்குப் போட்டி..."

"அது பீரோல கீது." கன்னியம்மா இடுப்பைத் தட்டிக் காட்டினாள். முந்தானையில் முடிந்திருந்த சாவி குலுங்கியது. "உம்பொண்ணு காவ்யா கழுத்துல தாலி ஏறுற வரிக்கும் அங்கியேதான் கெடக்கும்!"

வேம்பு இழுத்துப் போட்ட செருப்புகளைத் திரும்ப உள்ளே தள்ளினாள். ஏன் என்று கேட்க நாக்கு எழவில்லை. கேட்டால் வரப்போகிற பதில் அவளுக்குத் தெரியும்.

கன்னியம்மா அவளுடைய புருஷன் மதுரைவீரனின் அக்கா. அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது, பதினாறு வயதில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துத் தம்பியை ஆளாக்கியவள். கட்டிக்கொடுத்த இடத்தில் இரண்டே வருடத்தில் தாலியை இழந்து தம்பியிடமே திரும்பி வந்துவிட்டாள். பருத்திப்பட்டில் இருக்கும் இந்த வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். இருபத்தாறு வருடமாக வேம்பு அதற்குத் தலையாட்டியே கழுத்து வலி கண்டவள்.

"நேத்து சம்பந்தியம்மா போன் பண்ணாங்க. தெரியுமா உனக்கு?" கன்னியம்மாவின் குரல் உயர்ந்தது. "‘உங்க ஊட்டுப் புள்ள பொண்ணுங்க பக்கம் போற ஆளு இல்லியாமே... பசங்க கூடதானாமே’ன்னு கேக்குறாங்க! எனக்கு அப்டியே பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துச்சி. அந்த ஸ்கேட்டிங் கிளப்பு குரூப்புல எவளோ பேசி அனுப்பிக்கீறா. அது அம்பத்தூருல சம்பந்தி ஊடு வரிக்கும் போயிட்ச்சி!"

கூடத்து நாற்காலியில் மதுரைவீரன் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமையில்கூட வாயைத் திறக்காத மனுஷன்.

"ஏங்க... நீங்களாவது சொல்லுங்க. ஒரு வருசமா இந்தப் போட்டிக்குத்தான் புள்ள ஒழைச்சிக்கினு கீது..."

"அக்கா சொல்றத கேளு" என்றான் அவன், டம்ளரைப் பார்த்தபடியே.

அருள் படியிறங்கி வந்தான். இருபத்தொரு வயது. வேம்பு தன் கையால் தைத்துக் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டிருந்தான். அவன் ஆடுவது பந்தயத்தில் ஓடுகிற ஸ்கேட்டிங் இல்லை. நாலு சக்கரம் வைத்த ஷூவில் பாட்டுக்கு ஏற்பச் சுழன்று, தாவி, கையும் முகமும் பேச ஆடுகிற ஆட்டம். ஒன்பது வயதிலிருந்து அவனை முதல் பஸ்ஸில் முகப்பேருக்குப் பயிற்சிக்குக் கூட்டிப்போய், அங்கிருந்து நேராகத் துணி கம்பெனிக்கு ஓடி, நாளெல்லாம் நின்று செக்கிங் வேலை பார்த்து, வேம்புவின் கெண்டைக்கால் நரம்பெல்லாம் சுருண்டு கிடந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"அத்த, என் ஷூவக் குடு."

"மொதல்ல எனக்கு பதில் சொல்லுடா. ஊரே பேசுதே, அது இன்னா கத?"

அருள் அம்மாவைப் பார்த்தான். வேம்பு யாருக்கும் தெரியாதபடி மெல்லத் தலையசைத்தாள். வேணாம்பா... சொல்லாதே...

அவன் வாயை மூடிக்கொண்டான்.

மதுரைவீரன் எழுந்து வந்தான். "டேய், ‘அப்டில்லாம் ஒண்ணியும் இல்ல நைனா’ன்னு ஒரு வார்த்த சொல்லு. ஒரே ஒரு வார்த்த. நானே பீரோவத் தொறந்து எடுத்துக் குடுக்குறேன்." அந்தக் குரலில் அதட்டலைவிடக் கெஞ்சல்தான் அதிகம் இருந்தது.

அருள் அசையவில்லை. கண் மட்டும் கலங்கியது. உண்மையைச் சொல்ல வழியில்லை. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. நாலு சுவருக்கு நடுவில் நிற்கிற மாதிரி நின்றான். அந்தச் சுவரை எழுப்பியது யார் என்று வேம்புவுக்குத்தான் தெரியும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம். பயிற்சி முடிந்து ஸ்கேட்டிங் ரிங்க் வெறிச்சோடிக் கிடந்தது. ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே அருள் சொன்னான்: "எனக்குப் பொண்ணுங்க மேல அந்த நெனப்பு வரலம்மா... பசங்க மேலதான் வருது. மாத்திக்கலாம்னு எவ்ளோ பாத்துட்டேன். முடியல." அவள் என்ன செய்தாள்? அவனைக் கட்டிப்பிடித்தாளா? இல்லை. அவன் கையை இழுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தாள். "அக்கா கல்யாணம் முடியற வரிக்கும் ஒருத்தராண்டியும் சொல்ல மாட்டேன்னு என் தலமேல அடிச்சி சத்தியம் பண்ணு" என்றாள். அவனும் செய்தான்.

அன்றிலிருந்துதான் அவன் போட்டிகளில் விழ ஆரம்பித்தான். பயிற்சியில் காற்று மாதிரி ஆடுகிறவன், ஜட்ஜுகள் முன்னால் நின்றதும் கட்டை மாதிரி ஆகிவிடுவான். "முகத்துல ஒண்ணுமே இல்லையே அருள், எதுக்குடா உன்ன மூடி வச்சிக்கிற?" என்று கோச் ஜேம்ஸ் மாஸ்டர் கேட்டபோதெல்லாம், கம்பிக்கு வெளியே நின்ற வேம்பு புடவைத் தலைப்பைக் கடித்துக்கொள்வாள். ஒவ்வொரு முறை அவன் விழும்போதும் தானே பிடித்துத் தள்ளியது போல இருக்கும்.

"இன்னாடா கல்லு மாரி நிக்கிற? சொல்லேன்!" கன்னியம்மா கத்தினாள்.

அருள் அவளைப் பார்க்கவில்லை. அம்மாவிடம் வந்தான். சின்னக் குரலில் கேட்டான்: "அந்த சத்தியத்தத் திருப்பிக் குடுத்துடும்மா... என்னால முடியல."

வேம்புவுக்குள் எதுவோ இற்று விழுந்தது.

"குடுத்துட்டேன்பா" என்றாள். பிறகு திரும்பி, நாத்தனாரை நேருக்கு நேர் பார்த்தாள். "அவங்க கேள்விப்பட்டது நெசந்தான் அண்ணி. எனக்கு மூணு வருசமா தெரியும். அவன் அன்னிக்கே உங்க எல்லாராண்டியும் சொல்றேன்னுதான் நின்னான். வாயக் கட்டுனது நானு. திட்டணும்னா என்னத் திட்டுங்க!"

அருள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி!" கன்னியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "செல்லம் குடுத்து, சட்ட தச்சிக் குடுத்து, ஆடவுட்டு... நீதாண்டி கெடுத்த! பொண்ணு வாழ்க்கை மண்ணாப் போவுதே, கண்ணுல தெரியலியா?"

மதுரைவீரன் முகம் வெளுத்திருந்தது. "மூணு வருசம்... ஒரே பாய்ல படுத்து எழுந்திரிக்கிறோம். என்னாண்ட சொல்லணும்னு தோணலியே வேம்பு..." அவ்வளவுதான். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது.

உள்ளறைக் கதவு திறந்தது. காவ்யா! ஈரத்தலையில் துண்டோடு நின்றாள். கல்யாணத்துக்கு மூன்றே வாரம். இவளும் தன்னைக் கரித்துக்கொட்டப் போகிறாள் என்று வேம்பு தலையைக் குனிந்தாள்.

"எனக்காகவா அவன் வாயக் கட்டுன?" காவ்யாவுக்கு அழுகை முட்டியது. "என்ன ஒரு வார்த்த கேட்டியாம்மா? இத்தினி நாளா அவன் மூஞ்சத் தூக்கிக்கினு இருக்கறதப் பாத்து, என் கல்யாணம் அவனுக்குப் புடிக்கலன்னு நெனச்சி நான் பேசறதியே வுட்டுட்டேனேம்மா!"

அவள் கன்னியம்மாவிடம் போய்க் கை நீட்டினாள்.

"சாவியக் குடு அத்த. எனக்காகத்தான பூட்டுன? எனக்கு வாணாம். கிஷோராண்ட நான் பேசிக்கிறேன். இத்தக் கேட்டு வுட்டுட்டுப் போற ஆளுன்னா இப்பவே போவட்டும்!"

"உனக்குத் தெரியாதுடி..." கன்னியம்மாவின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "புருசன் செத்த மறுமாசமே நாலு பேரு வாயில வுழுந்து எழுந்தவ நானு. அந்தப் பேச்சு இன்னா பண்ணும்னு உனக்குத் தெரியாது... நீயும் அதுல வுழக் கூடாதுன்னுதாண்டி..."

"தெரியும் அத்த. குடு."

கன்னியம்மா முடிச்சை அவிழ்த்துச் சாவியைத் தரையில் போட்டாள். சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். காவ்யா குனிந்து எடுத்தாள்.

வேம்புவும் அருளும் ஷூவோடு ஆட்டோவில் முகப்பேர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். ரிங்க் வாசலிலேயே ஜேம்ஸ் மாஸ்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "ஆபீஸ் ரூமுக்கு வர சொல்றாங்கம்மா" என்றார்.

உள்ளே கிளப் செயலாளரும் பெற்றோர் ஏழெட்டுப் பேரும் இருந்தார்கள். செயலாளர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி வைத்தார். "தம்பி, எனக்கு உம்மேல கோவம் இல்ல. சின்னப் பசங்களுக்கு நீ சொல்லிக்குடுக்குற. அவங்க வீட்ல பயப்படுறாங்க. வந்த பேச்சு பொய்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டு ஆடு. பிரச்சனை முடிஞ்சிது."

மறுபடியும் அதே சுவர்! இந்த உலகம் முழுக்க அவனிடம் கேட்பது அந்த ஒரே பொய்யைத்தானா?

அருள் பேனாவை எடுத்தான். நின்றபடியே எழுதினான். எழுதியதைச் சத்தமாகப் படித்தான்.

"வந்த பேச்சு உண்மை. நான் கே, ஆண்களை விரும்புகிறவன். அதில் எனக்கு வெட்கம் இல்லை. நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளிடம் ஒருநாளும் தவறாக நடந்ததில்லை. இன்று நான் ஆட விரும்புகிறேன். அருள்."

யாரோ ஒரு ஆள் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போனார். "பாத்தீங்களா, அவனே ஒத்துக்கிட்டான்!" என்றது ஒரு குரல்.

வேம்பு முன்னால் வந்தாள். எட்டாவது வரை படித்த கை. அந்தத் தாளில் மகனின் பெயருக்குக் கீழே மெதுவாக எழுதினாள்: ‘அம்மா, வேம்புலியம்மாள்.’ பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஆட்டத்துக்கு மார்க் போடுறது எந்தக் காலு எப்டி சுத்துச்சின்னுதான சார்? அவன் மனசு யாருமேல கீதுன்னு அதுல எங்க சார் எழுதிக்கீது?"

செயலாளர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மூலையிலிருந்து ஷாகிதா எழுந்தாள். பூந்தமல்லியிலிருந்து வாரா வாரம் மகளைக் கூட்டி வருகிறவள். "நாலு மாசமா எம்பொண்ணு கையப் புடிச்சி நிக்க வச்சது இந்தத் தம்பிதான். அடுத்த வாரமும் இவராண்டதான் அனுப்புவேன். எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல" என்றாள்.

ஜேம்ஸ் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சார், போட்டி விதியில இவன நிறுத்த இடமே இல்ல. பேர் கூப்பிடுறாங்க. நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அருள் ரிங்கின் நடுவில் போய் நின்றான். பார்வையாளர் பக்கம் ஒரே கிசுகிசுப்பு. பாட்டு ஆரம்பித்தது. வேம்பு கம்பியை இறுகப் பிடித்தாள்.

அவன் முகம் திறந்தது! மூன்று வருடமாகக் காணாமல் போயிருந்த அந்த முகம்... கை விரல் நுனி வரைக்கும் அவனாகவே இருந்தான். சுழலும்போது நீலச் சட்டை விரிந்தது. முதல் தாவல், இரண்டாவது தாவல், சுத்தமாக இறங்கினான். மூன்றாவதில் சக்கரம் வழுக்கி, முட்டி தரையில் மோத விழுந்தான். கூட்டம் ‘உச்சு’ கொட்டியது. அவன் எழுந்தான். இந்த முறை விழுந்தது யாரும் தள்ளி அல்ல. வெறும் விழுதல்தான். கடைசி இசை வரை ஆடி முடித்தான்.

நாலாவது இடம். பதக்கம் இல்லை. ஆனால் வெளியே வந்தவன் சிரித்துக்கொண்டிருந்தான். அம்மாவை நோக்கி வந்தவன் பாதியில் நின்றுவிட்டான்.

வேம்பு திரும்பிப் பார்த்தாள். பின்னால் மதுரைவீரன். எவ்வளவு நேரமாக நின்றிருந்தானோ! பன்னிரண்டு வருடத்தில் மகன் ஆடுவதை அவன் பார்த்தது இதுதான் முதல் தடவை. அடிக்கப் போகிறானா? வேம்பு சட்டென்று இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

மதுரைவீரன் அவளைத் தாண்டி மகனைப் பார்த்தான். "முட்டி பேத்துக்கிச்சாடா? பலமா வுழுந்தியே..."

"இல்ல நைனா" என்று சொல்ல வாயெடுத்த அருள், குழந்தை மாதிரி அழுதுவிட்டான்.

கட்டிப்பிடித்துப் பழக்கமில்லாத மனுஷன் அவன். மகனின் பிடரியில் கையை வைத்துத் தன் தோளோடு அழுத்திக்கொண்டான். "எனக்கு இது ஒண்ணுமே புரியலடா. ஏரிக்கரையில வண்டிய நிறுத்திட்டு எவ்ளோ யோசிச்சும் புரியல... ஆனா உன்ன வெளிய நிறுத்திட்டு நான் எந்த ஊட்ல குந்திக்கினு சோறு துன்றது?"

கொஞ்ச நேரம் கழித்து வேம்புவிடம் சொன்னான்: "ஊட்டுக்குப் போலாம் வா."

"வரேன். ஆனா ஒண்ணு. அண்ணி பேசுனாலும் சம்பந்தி பேசுனாலும், இவனுக்காக மொதல்ல வாயத் தொறக்கறது நீங்களா இருக்கணும். நான் ஒருத்தியே தாங்குனது போதும்... இனிமே என்னால ஆவாது."

அவள் இப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. அவளுடைய வீங்கிய கால்களைப் பார்த்தான். கலைந்த தலையைப் பார்த்தான்.

"சரி" என்றான். பிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டான்: "காலைலருந்து நீ எதுனா துன்னியா வேம்பு?"

இருபத்தாறு வருடத்தில் அந்த வீட்டில் யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. வேம்பு அத்தனை பேருக்கு நடுவில், அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளாமல் அழுதாள்.