முன்னறைப் பெட்டியில் நாலாவது இணைப்பு

காலை பதினொன்றரை மணிக்குத் தையல்காரம்மா வீட்டு முன்னறையிலிருந்து புகை வந்தது. பன்னிரண்டு மணிக்குள் தீயை அணைத்துவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தைத்து அடுக்கியிருந்த சீருடைகளும் சுவர்ப் பலகையிலிருந்த பழைய ரேடியோவும் கரியாகிவிட்டன. சீருடைகளுக்காக அந்த அம்மா வருத்தப்பட்டாள். ரேடியோவைப் பார்த்துத்தான் அழுதாள்.

மதியம் விசாரணைக்கு வந்த தீயணைப்பு அதிகாரிக்கு நிலையத்தில் 'மூக்கு' என்று பேர். அவள் எதிரில் சொல்ல யாருக்கும் தைரியமில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரியும். அறைக்குள் நின்று இரண்டு தடவை மோந்து பார்த்தாள். பிறகு ஏணி கேட்டாள். கூரையோரம் இருந்த இணைப்புப் பெட்டியில்தான் தீ பிறந்திருந்தது.

அதற்குள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தையல்காரம்மாவின் மகன் தன் அப்பாவைக் கைகாட்டினான். மூன்று வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்த அவர் ஒரு வயர்மேன். இரண்டு வயரின் நுனியைச் சீவி, ஒன்றோடொன்று முறுக்கி, மேலே துணி டேப் சுற்றிப் பெட்டியில் அடைக்கிற பழைய முறை அவருடையது. அந்த முறுக்கு தளர்ந்துதான் தீப்பிடித்தது என்றான் மகன். செத்தவர் மேல் பழி போடுவதில் ஒரு வசதி, அவர் எதிர்த்துப் பேச மாட்டார்.

அவருக்காகப் பேச மனைவி இருந்தாள். மாடியில் குடியிருக்கும் பாட்டு வாத்தியார் போன மாதம் ஏசி வைத்ததுதான் வினை என்றாள். மூக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தாள். ஏசிக்கு மீட்டரிலிருந்தே தனி வயர் போயிருந்தது. முன்னறைப் பக்கமே அது வரவில்லை. வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அப்ப அவர் இணைப்புதான்னு எழுதப்போறீங்களா?" என்று தையல்காரம்மா கேட்டாள். துணியில் கோடு போட்டு விரலில் ஒட்டியிருந்த நீல சாக்பீஸ் தூளைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "இந்தத் தெருவுல பாதி வீட்டுக்கு வயர் இழுத்தவர்மா அவர். இனிமே விளக்கு போடறப்பல்லாம் அவரைத் திட்டுவாங்க."

அவர் எப்படி வேலை செய்வார் என்று மூக்கு கேட்டாள். அதைக் கேட்டதும் அந்த அம்மாவுக்கு வயது குறைந்துவிட்டது. பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தது எல்லாம் அவள்தான். ரேடியோவில் பாட்டு ஓடும். அவர் வயரை முறுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வார். முறுக்கி முடித்ததும் டீ கேட்பார். அவள் போட்டுக்கொண்டு வருவதற்குள் டேப் சுற்றி மூடியும் மாட்டியிருப்பார். கேட்டு வாங்கிய டீயை மட்டும் குடிக்க மறந்துவிடுவார். அந்த நாளெல்லாம் எங்கே போயிற்றோ என்றாள்.

"இஸ்திரிப் பெட்டிக்கு இந்தப் பிளக் யார் வச்சது?" என்று சுவரைக் காட்டி மூக்கு கேட்டாள்.

"அவர்தான்."

"எப்ப?"

"அவர் இருக்கும்போது."

"இல்லாதபோது வைக்க முடியாதேம்மா."

அந்த அம்மா மறுபடி விரலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மூக்கு படுக்கையறையிலிருந்த இணைப்புப் பெட்டியைத் திறந்தாள். துணி டேப் தொட்டதும் உதிர்ந்தது. உள்ளே முறுக்கின் மேல் வெள்ளியாக ஏதோ மினுங்கியது. மறுபடி முன்னறை ஏணியில் ஏறினாள். எரிந்த பெட்டிக்குள் நாலு இணைப்புகள். மூன்று கறுத்திருந்தாலும் பிடி விடவில்லை. நாலாவது இஸ்திரிப் பிளக்குக்குப் போனது. விரல் பட்டதும் அது இரண்டாகப் பிரிந்தது. செம்பு நுனி உருகி உருண்டிருந்தது. அங்கே மினுக்கம் இல்லை.

பிறகு ஈரத்துணியால், அந்த வயர் ஓடிய சுவரில் கரியைத் துடைத்தாள். வயர் மறைத்திருந்த இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. மகனை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"மத்த சுவர்ல எல்லாம் அவர் பென்சில்ல கோடு போட்டிருக்கார். இங்க மட்டும் நீல சாக்பீஸ். இந்த வயரை இழுத்தது நீங்கதாம்மா."

தையல்காரம்மா மெல்ல உட்கார்ந்தாள். அவர் போன பிறகு இஸ்திரிப் பெட்டிக்குப் பிளக் தேவைப்பட்டபோது, அவர் கைபட்ட இணைப்புப் பெட்டியில் வேறொருவன் கைவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. மெயினை அணைத்துவிட்டுத் தானே செய்தாள். "அவர் செஞ்ச மாதிரியேதான் முறுக்கினேன். நான் முறுக்கினது எரிஞ்சா அவரோடதும் எரியும்னுதானே அர்த்தம்? அதான் சொல்லல."

"அவர் செஞ்சதுல பாதியைத்தான் நீங்க செஞ்சீங்க. முறுக்கு மேல அவர் ஈயம் உருக்கி ஊத்தியிருக்கார். அது அசையாது. ஈயம் இல்லாத வெறும் முறுக்கு, இஸ்திரிப் பெட்டி இழுக்கிற கரண்டுக்குச் சூடாகிச் சூடாகித் தளர்ந்துபோச்சு."

"ஈயம் உருக்கற கோல் ரேடியோ ரிப்பேருக்குன்னுல்ல நெனச்சேன். இதுக்கு எடுத்து நான் பாத்ததே இல்லையே."

"நீங்க அப்ப டீ போட்டுக்கிட்டு இருந்தீங்க."

அந்த அம்மா சேலைத் தலைப்பில் குத்தி வைத்திருந்த ஊசியைப் பார்த்தாள். இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல் நூல் கோக்கிறவள் அவள்.

"ஈயப் புகை என் கண்ணுக்கு ஆகாதுன்னு டீ கேட்டு வெளிய அனுப்பியிருக்கார்," என்றாள். "ஒரு டீயாவது குடிச்சிருக்காரா? எல்லாம் ஆறித்தான் கிடக்கும்."

அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. மூக்கு முகத்தைத் திருப்பி, வேலை இருப்பதுபோல் ஏணியை மடக்கினாள். டேப் எல்லாம் மக்கிவிட்டதால் நல்ல இணைப்பானாலும் தெரிந்த ஆளை வைத்து எல்லாப் பெட்டியையும் மாற்றியே ஆக வேண்டும் என்றாள். அந்த அம்மா மறுக்கவில்லை.

"காரணம்னு என்ன எழுதட்டும்மா?"

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என் பேரை எழுதுங்க. முழுசா, எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுதுங்க."