மிஞ்சின மண்

வெட்டிய குழிக்குள் வெட்டிய மண்ணையே திருப்பிப் போட்டும் ஒரு சாண் காணவில்லை. ஏரம்பு அதை மிதிக்கவும் இல்லை, தண்ணீர் ஊற்றவும் இல்லை. மண் தானாகவே கீழே போயிருந்தது.

வீடு கட்டுகிற நிலத்தில் காலையில் முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, பொழுதுபட அதே மண்ணால் மூடிப் பார்ப்பார்கள். மண் மிஞ்சினால் குடியிருக்கலாம். குறைந்தால் அந்த நிலம் ஆளை வைத்திராது. நாளைக்கு அவன் மனைவி சிவனேஸ்வரியின் தமையன் செல்வநாயகம் சாவகச்சேரியிலிருந்து வந்து இதைப் பார்க்கப்போகிறான். மண் குறைந்தால் தங்கச்சியைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தான்.

அந்தக் காட்டில் மலையென்று இருந்தது இந்த நிலத்தில் நின்ற ஒன்றுதான். குளக்கட்டுக்குக் கல் வேண்டுமென்று வெடி வைத்து உடைத்து முடிய, மலை நின்ற இடம் பள்ளமாகிவிட்டது. நிரப்புகிறவனுக்கே அந்தக் காணித்துண்டு என்றார் குளவேலையை மேற்பார்த்த ஓவசியர். கல்தூள், கிறவல், அதற்கு மேல் குளத்து வண்டல் என்று ஏரம்பு வண்டி வண்டியாகக் கொட்டினான். மேலுக்குப் பார்க்க நல்ல கறுத்த மண். கிண்டினால் ஒரு மண்புழு கிடையாது. எறும்பு கரையோடு திரும்பிவிடும். ஊற்றுகிற தண்ணீரை ஒரு குமிழி விடாமல் குடித்துவிட்டு ஈரமில்லாமல் கிடக்கும். குனிந்தால், அவித்த நெல்லைக் காயவிடாமல் மூடிவைத்த மாதிரி ஒரு புளித்த மணமும், யாரோ வாயைத் திறந்து வைத்திருக்கிற மாதிரி ஒரு சூடும் முகத்தில் வந்து படும்.

மறுநாள் காலையில் வந்த செல்வநாயகம் தானே புதிதாக ஒரு குழி வெட்டினான்.

"என்ன மச்சான், மலையையே திண்ட பள்ளத்திலை என்ரை தங்கச்சியைக் குடிவைக்கப்போறீரோ?"

"பொழுதுபட மண்ணைப் பாத்திட்டுக் கதையும்."

"பாப்பம், பாப்பம். அதுக்கிடையிலை நீர் உள்ளுக்கு விழுந்திடாதையும்!"

சிரித்துக்கொண்டே போய்ப் பாலைமர நிழலில் சரிந்தான். சிவனேஸ்வரி குளத்துக்குக் குளிக்கப் போனாள். உச்சி வெயிலில் ஏரம்பு தனியே நின்றான். குழிக்குள் இருந்து, கன்று மடியில் முட்டி முட்டிக் குடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடியும் வந்தது.

அவன் மண் அள்ளுகிற கடகத்தைத் தூக்கிக்கொண்டு, பள்ளத்தின் கரையில் இப்போதைக்குக் குடியிருந்த ஓலை வாடிக்கு ஓடினான். பாயைச் சுருட்டினான். சிவனேஸ்வரி வெள்ளிக்கு வெள்ளி சாணி போட்டுக் கையால் மெழுகிய நிலம். அவள் படுக்கிற மூலை. அதை வெட்டினான். ஒரு கடகம். இன்னொன்று. கொண்டுவந்து குழிக்கரையில் கிடந்த மண்ணோடு கலந்தான். திரும்பிப்போய் வெட்டின பள்ளத்துக்கு மேலே பாயை விரித்துவிட்டான்.

பொழுதுபட மூடினார்கள். குழி நிரம்பியது. நிரம்பி, மேலே பூரித்து நின்றது.

"மிஞ்சிப்போச்சு, மச்சான்!" செல்வநாயகம் காலால் தட்டினான். "ஆசையாய்த்தான் நிக்குது. அவளிட்டைச் சொல்லிவிடும், நான் புளியங்குளத்திலை ரெயிலைப் பிடிக்கவேணும்." சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

ஏரம்பு வாடிக்கு ஓடினான். கொடியில் ஈரச்சேலை சொட்டிக்கொண்டிருந்தது. வந்துவிட்டாள். ஆனால் விளக்கு ஏற்றவில்லை.

"சிவனேசு!"

உள்ளே புளித்த மணம். அவித்த நெல்லின் மணம்.

பாயைக் காணவில்லை. வெட்டின பள்ளத்தைக் காலால் தேடினான். பள்ளம் இல்லை. நிலம் நிரவாய்க் கிடந்தது. காலுக்குச் சூடாய் இருந்தது.

"இஞ்சாருங்கோ."

கீழே இருந்து. காலுக்கு நேர் கீழே.

"அண்ணை போயிட்டாரோ?"

விழுந்து தோண்டினான். விரலால். நகத்தால். ஒரு கை மண். இன்னும் ஒரு கை மண்.

"மண் மிஞ்சினதோ? இனி வீடு கட்டலாம் என்ன?"

முடி. ஈரமான முடி. விரலைச் சுற்றியது. பிறகு ஒரு கை. அவளுடைய கை. பிடித்தான். இழுத்தான். கை வரவில்லை.

அது மெல்ல அவன் பிடியைக் கழற்றியது. அவன் தோண்டிப்போட்ட மண்ணைத் தடவித் தடவி அள்ளியது. மெழுகுகிறபோது வளைக்கிற அதே வளைவில், ஒரு கட்டி இல்லாமல் நிரவி, தன்னைத் தானே மூடிக்கொண்டு உள்ளே போனது.