இரண்டாவது அடி

பெட்டியை இறக்கி வைக்கும்வரை அது எந்த வீடு என்று எனக்குத் தெரியவில்லை.

2006 வைகாசி, மத்தியான வெயில். குருசுக்குப்பத்துக்குத் திரும்புகிற ஒரு சந்தில் கடை டெம்போ நின்றது. கட்டட வேலையின் கனத்துக்கு இடுப்பு தாங்காமல் போனபின் நான் ரேடியோ, டிவி விற்கிற கடையில் சாமான் தூக்குகிறவன். அன்றைக்குத் தூக்கிப் போனது ஒரு சப் ஊஃபர். பாட்டின் அடிச்சத்தத்தை மட்டும் வாங்கித் தரை அதிர வெளியே விடுகிற கறுப்புப் பெட்டி. "போட்டுக் காட்டு ராமலிங்கம். பிடிச்சா வச்சிக்கட்டும், இல்லன்னா தூக்கிட்டு வந்துடு" என்று முதலாளி சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்தவர் தனிஸ்லாஸ்; பிரெஞ்சு மரியாதையில் எல்லாருக்கும் முசே தனிஸ்லாஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பின்னால் அவர் மனைவி மதாம் ஸ்டெல்லாமேரி, வெங்காயம் நறுக்கிய கத்தியோடு.

"இருக்கற ரெண்டு ஸ்பீக்கர் பத்தலியாம். எழுவது வயசுல ஒடம்பு அதிரணுமாம் இவருக்கு."

"பேஸ் இல்லாத பாட்டு உப்பில்லாத சூப்புடி."

"உப்பு போட்டுக்குங்க. பிரஷர் ஏறட்டும்."

கூடம் நீளமாக, குளுமையாக இருந்தது. முன்பாதியில் பழைய சிவப்புத் தரை. பின்பாதியில் புது டைல்ஸ். பின் ஜன்னலுக்கு வெளியே இரண்டு தென்னை. ஒன்று சாய்ந்து மற்றதன் தோளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முன்பு பின்வாசல் வழியாகவே நான் வந்து போன வீடு. அந்தத் தென்னையைப் பார்த்ததும்தான் தெரிந்தது.

"இந்த வூட்டுக்கு எப்ப வந்தீங்க முசே?"

"நாலு வருஷம் ஆவுது. முன்ன இருந்தவன் கூடத்தப் பின்னால இழுத்துக் கட்டிட்டு வித்தான்."

பின்னால் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. அங்கே ஒரு கிணறு இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் அதை மூட வந்தது நானும் என்னோடு வேலை செய்த கொளஞ்சியும்.

முசே பாட்டைப் போட்டார். பெட்டியை முதலில் வாசல் மூலையில் வைக்கச் சொன்னார். சரியில்லை. சோபாவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். அதுவும் சரியில்லை. "உள்ள தள்ளு. இன்னும் உள்ள" என்று டைல்ஸ் பக்கம் கையைக் காட்டினார். நான் கேட்காதவன் போல நின்றேன். அவரே குனிந்து தள்ளிவிட்டார்.

தும்.

கூடமே ஒரு மேளம் ஆனது. ஜன்னல் கம்பி நடுங்கியது.

"இதான் எடம்! பாத்தியா, தரையே பாடுது!" முசேவுக்குச் சின்னப் பிள்ளை மாதிரி சிரிப்பு.

மதாம் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ஏங்க, இது ரெண்டு தரம் அடிக்குதே?"

"எதிரொலிடி."

எதிரொலி இல்லை. மண் இறுக்க இரண்டு ஆள் எதிரெதிரே நின்று திமிசுக் கட்டை போடுவோம். ஒருவன் கட்டையைத் தூக்கும்போது மற்றவன் இறக்குவான். என் அடி, அவன் அடி. என் அடி, அவன் அடி. கொளஞ்சிக்கு இடது தோள் கொஞ்சம் ஊனம். அவன் அடி எப்போதும் அரை மூச்சு தாமதித்துத்தான் விழும்.

பாட்டின் அடிக்கு அரை மூச்சு தள்ளி, கீழிருந்து அது விழுந்தது.

கிணறு மூட வந்த அன்றைக்கு அதில் தண்ணீர் இல்லை. அடியில் இரும்புக் கப்பி கிடக்குது, எடைக்குப் போடலாம் என்று கொளஞ்சி கயிறு பிடித்து இறங்கினான். நான் டீ குடிக்கப் போனேன். போகிறபோது, இடிகல் கொட்ட வந்த லாரிக்காரனிடம் உள்ளே ஆள் இருக்கிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு லோடு இடிகல் உள்ளே போயிருந்தது. கிணற்று விளிம்பில் அவன் செருப்பு.

கத்தியிருக்கலாம். போலீஸ், கேஸ் என்று பயந்தேன். செருப்பை உள்ளே போட்டேன். மேலே மண் தள்ளித் தனியாகத் திமிசு போட்டேன்.

அன்றைக்கும் என் அடிக்குப் பின்னால், கீழிருந்து ஒரு அடி வந்தது.

நான் வேகமாக அடித்தேன்.

மேஸ்திரி கேட்டார். கொளஞ்சி சொல்லாமல் எங்கேயோ ஓடிவிட்டான் என்றேன். சாரம் என்கிற பகுதியில் என் பக்கத்து வீடுதான் அவன் வீடு. அவன் பெண்டாட்டி ராஜாம்பாள் இன்னும் பொட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

சட்டென்று கரண்ட் போனது. பாட்டு நின்றது. விசிறி சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

தும்.

மதாமின் கையிலிருந்து கத்தி விழுந்தது.

தும்.

"கரண்ட் இல்லியே," என்று முசே கிசுகிசுத்தார். "எப்படிப்பா?"

ஈர மண் வாசனை வந்தது. அதோடு கொளஞ்சி பிடிக்கிற பீடி வாசனை. நான் ஒயரைப் பிடுங்கினேன்.

தும்.

"மிச்சக் கரண்டு முசே. உள்ள கொஞ்சம் தங்கும்," என்றேன்.

அவர் குனிந்து டைல்ஸில் உள்ளங்கையை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ கட்டட வேல செஞ்சவன்னு ஒன் மொதலாளி சொன்னாரு. நீயே சொல்லு. இத வச்சிக்கலாமா, வேணாமா? இல்ல, இந்த எடத்தத் தோண்டிப் பாத்துடலாமா?"

கீழே அடி நின்றிருந்தது. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்பது போல.

ஒரே ஒரு வார்த்தை போதும். ராஜாம்பாளுக்கு எட்டு வருஷக் காத்திருப்பு அங்கேயே முடிந்திருக்கும்.

"வேணாம் முசே," என்றேன். "கீழ பொந்தா கெடக்கற தரை, தாங்காது. பெட்டியும் வேணாம், தோண்டவும் வேணாம். வூடு ஒக்காந்துடும்."

"நான் அப்பவே சொன்னேன்," என்று மதாம் சிலுவை போட்டுக்கொண்டார்.

பெட்டியை மார்போடு அணைத்துத் தூக்கினேன். ஒயர் தொங்கியது. டெம்போவில் ஏற்றும்வரை அதற்குள்ளிருந்து ஒன்றும் கேட்கவில்லை. கடையில் இறக்கியபோதும் இல்லை. பெட்டி மட்டும் வரும்போது இருந்ததைவிடக் கனம் குறைந்திருந்தது.

என் இடுப்பு கனத்தது.

மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருந்தேன். சொம்புத் தண்ணீரில் ஒரு வளையம் எழுந்து ஓரம்வரை போனது. வேலிப் பக்கம் ராஜாம்பாள் வந்து நின்றாள். பொட்டு வைத்த முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, விடியற நேரத்துலருந்து ஒங்க வூட்டுக்குள்ள யாருண்ணே திமிசு போடறது?"

"யாரும் இல்லம்மா."

"இல்லண்ணே. எனக்குத் தெரியாதா? அந்தக் கை அவரு கை."

காலுக்கடியில் சிமெண்டுத் தரை ஒரு தரம் அதிர்ந்தது. பிறகு ஓய்ந்து காத்திருந்தது.

அடுத்த அடி என்னுடையது.