தேதி வாரியாக

மே முதல் தேதிக்கு அடுத்த வரியில் ஜூன் முதல் தேதி இருந்தது. அதற்கடுத்து ஜூலை முதல் தேதி. வீணா லேப்டாப் திரையை வெறித்துப் பார்த்தாள். ஏதோ தப்பு என்று தெரிந்தது. என்ன தப்பு என்று யோசிக்கிற அளவுக்கு மனசு எழுந்து வரவில்லை. புருஷன் ரவிக்குமார் விபத்தில் போன பிறகு அது எதற்குமே எழுந்து வருவதில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தாலும், யார் வீட்டுப் பாலோ என்பதுபோல நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

வெளியே பெங்களூரு பிரேசர் டவுனுக்கே உரிய சாயங்கால மழை. ஜன்னல் கம்பியில் சொட்டுகிற தண்ணீர், எதிர் பேக்கரியிலிருந்து வருகிற பன் வாசனை, ஹாலில் ஐந்து வயது மகள் ஷ்ரேயா பார்க்கிற கார்ட்டூனின் கீச்சுக் குரல். எல்லாம் கேட்டது. எதுவும் உள்ளே இறங்கவில்லை.

அவள் வேலை பார்க்கும் கம்பெனி அபார்ட்மெண்ட்களுக்குக் கதவுப் பூட்டு செய்து தருகிறது. ஒவ்வொரு சாவிக்கொத்திலும் ஒரு நீல டேக் தொங்கும். அதைக் காட்டினால் மெயின் கேட் திறக்கும், மாடிக்கு மாடி இருக்கும் படிக்கட்டுக் கதவு திறக்கும், அவரவர் வீட்டுக் கதவும் திறக்கும். எந்த டேக் எந்தக் கதவை எப்போது திறந்தது என்பது டேட்டாபேஸில் ஒரு வரியாக விழும். அவள் குடியிருக்கும் கட்டடத்திலும் அதே பூட்டுதான். ஊழியர்களுக்கு விலை குறைவு என்று ரவிதான் அசோசியேஷனில் பேசி மாட்ட வைத்தான்.

இப்போது அந்தக் கட்டடத்திலிருந்தே புகார். காலையில் வாட்ச்மேன் முனிராஜ் இன்டர்காமில் புலம்பினார்.

"கேட்டு சும்னே, தானாவே தொறந்து மூடுது மேடம். ஆளே இல்ல. யார் டேக்குன்னு பாக்கலாம்னா, கம்ப்யூட்டர்ல முப்பத்தொண்ணாந் தேதியே எப்பவும் மேல நிக்குது. அப்புறம் அந்தப் படிக்கட்டுப் பக்கம் எலி கிலி செத்துக் கெடக்கு போல. ஒரே நாத்தம்."

கேட் திறந்தது என்று ஒரு புகார், கீழே படிக்கட்டுக் கதவு திறந்தது என்று ஒரு புகார், இரண்டாம் மாடியில் ஒரு புகார். கம்பெனியில் எல்லாவற்றுக்கும் சென்சார் கோளாறு என்று எழுதி மூடிவிட்டார்கள். மிச்சமிருந்தது இந்தத் தேதிக் குழப்பம்தான். கூட வேலை பார்க்கும் விக்கி மதியம் போன் செய்தான்.

"தப்பு என் மேலதான் யா. தேதிய டெக்ஸ்ட்டா ஸ்டோர் பண்ணிட்டேன். நாள் முன்னாடி, மாசம் பின்னாடி. மெஷினுக்கு அது தேதின்னே தெரியாது, முதல் ரெண்டு எழுத்த வெச்சு அடுக்குது. எல்லா ஒண்ணாந் தேதியும் ஒண்ணா, எல்லா ரெண்டாந் தேதியும் ஒண்ணா. நீ விடு, நான் பாத்துக்கறேன்."

"வேணாம் விக்கி. நானே பண்றேன்."

வேலை இருந்தால் கை அசையும். கை அசைந்தால் நேரம் போகும்.

எழுத்தைத் தேதியாக மாற்றி, பழையதிலிருந்து புதியது வரை வரிசைப்படுத்தச் சொல்லி, சரியாக வருகிறதா என்று பார்க்க ஆளில்லாமல் கதவு திறந்ததாகப் புகார் வந்த நேரத்து வரிகளை மட்டும் கேட்டாள். எல்லாம் ஒரே டேக். பெயரும் பக்கத்திலேயே வந்தது. ரவிக்குமார்.

அவளுக்கு ஆச்சரியமாகக்கூட இல்லை. அந்த டேக் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

பாடையில் தூக்கும் முன் ஷ்ரேயா சாவிக்கொத்தை அப்பாவின் சட்டைப்பையில் போட்டாள். வீணா பார்த்தாள், எடுக்கவில்லை. அப்பா தூரத்து வேலைக்குப் போகிறார் என்று குழந்தையிடம் சொல்லி வைத்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவர் சாவி கொண்டுபோகத்தானே வேண்டும். இடுகாட்டில் பேய்மழை. குழியில் தண்ணீர் சேர்கிறது, சீக்கிரம், சீக்கிரம் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியைக் குழியில் இறக்குமுன் அவிழ்க்க வேண்டும். அந்த அவசரத்தில் யாரும் அவிழ்க்கவில்லை. பால் ஊற்றப் போன அன்றுதான் மாமியார் லட்சுமம்மாவுக்கு ஞாபகம் வந்தது. "கால்கட்ட அவுக்கலியேடி! எம்புள்ள எப்பிடி நடப்பான்?" என்று மண்ணில் விழுந்து அலறினாள். வீணாவுக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

அந்த டேக்கின் கடைசி வரிகளைக் கேட்டாள்; திரையில் அவை தேதி வாரியாக வந்து நின்றன.

மே மாதத்தில் ஒரு காலை, மெயின் கேட், வெளியே. அவன் கடைசியாகப் போனது. அதன்பின் நீளமான வெறுமை. ஆகஸ்ட் கடைசியில் மெயின் கேட், உள்ளே. செப்டம்பரில் கீழ்த்தளப் படிக்கட்டுக் கதவு. பிறகு முதல் மாடி. பல நாள் கழித்து இரண்டாம் மாடி. உள்ளே வந்தபின் வெளியே போனதாக ஒரு வரியும் இல்லை.

கலைந்து கிடந்தபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கோளாறுகள். அடுக்கி வைத்தால், யாரோ வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். லிஃப்ட்டில் போகிற கட்டடம் இது, படிக்கட்டில் யாரும் கால் வைப்பதில்லை. ஒரு மாடி ஏற இவ்வளவு நாள் எடுத்துக்கொள்கிறவன் எப்படி ஏறுவான்? இரண்டு காலையும் சேர்த்து வைத்து. ஒவ்வொரு படியாக.

அவள் வீடு மூன்றாம் மாடியில்.

பட்டியலை மறுபடி வரவழைத்தாள். அடியில் ஒரு புது வரி. மூன்றாம் மாடி, படிக்கட்டுக் கதவு. இன்றைய தேதி. இப்போதுதான்.

பன் வாசனை போய்விட்டிருந்தது. ஈர மண் வாசனை வந்தது. அதற்குள் வேறொரு வாசனையும் இருந்தது.

வராந்தாவில் ஒரு சத்தம். தொப்.

நின்றது.

தொப்.

கூடவே சாவிகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை. ஷ்ரேயா டிவியை அணைத்தாள். ரவி வேலையிலிருந்து வரும்போது சாவிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது அவள் வழக்கம். அவன் அவளைக் காணாமல் வீடு முழுக்கத் தேடுவதுபோல நடிப்பான். இப்போதும் ஓடினாள்.

"ஷ்ரேயா, இங்க வா." வீணாவின் குரல் வெறும் காற்றாக வந்தது.

தொப்.

அவள் விரல்கள் கதவு திறக்க உரிமையுள்ளவர்களின் பெயர்ப் பட்டியலைத் திறந்தன. ரவியின் பெயரை எடுத்துவிடும்படி அசோசியேஷன் செக்ரட்டரி சேஷகிரி எத்தனையோ முறை கேட்டிருந்தார். எடுத்தால் அவன் நிஜமாகவே போய்விடுவான் என்று விட்டு வைத்திருந்தாள். நீக்கவா என்று திரை கேட்டது.

நீக்கினாள்.

வெளியே டேக் பூட்டில் பட்டது. பீப், பீப், பீப். சிவப்பு விளக்கு. பூட்டு திறக்கவில்லை.

மறுபடி பட்டது. மறுபடி சிவப்பு.

மூன்றாவது முறை படவில்லை. மாதக்கணக்கில் எதற்குமே எழுந்து வராத மனசு அப்போதுதான் எழுந்து வந்தது. பயம். அதற்கடியில் துக்கம், இத்தனை நாள் வராத அத்தனையும். தடுத்துவிட்டேன் என்று நினைத்தாள். உன்னை வெளியிலேயே நிறுத்திவிட்டேன் ரவி.

"அம்மா," ஹாலிலிருந்து ஷ்ரேயா கூப்பிட்டாள். "அப்பாவுக்குத் தொறக்க மாட்டேங்குது."

உள்ளிருந்து திறக்க டேக் வேண்டாம். கைப்பிடியை அமுக்கினால் போதும்.

வீணா ஓடினாள். நாற்காலி கவிழ்ந்தது. ஹாலுக்கு வந்தபோது கதவு உள்பக்கமாகத் திறந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், சுவரோடு ஒட்டி, மகள். உதட்டில் விரல். சொல்லிடாதே என்று அம்மாவைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். கதவு முழுதாகத் திறந்து அவளை மறைத்தது.

வாசல் மிதியடியில் இரண்டு பாதங்கள். சேற்றோடு. ஒட்டி ஒட்டி. கட்டைவிரல்களில் வெள்ளைத் துணி இன்னும் இறுக்கமாக இருந்தது.

அவை ஒரே குதியாக நிலைப்படியைத் தாண்டின.

கதவுக்குப் பின்னால் ஷ்ரேயா சிரிப்பை அடக்க முடியாமல் க்ளுக் என்றாள்.

பாதங்கள் நின்றன. பிறகு இரண்டும் சேர்ந்தே, கொஞ்சம் கொஞ்சமாக, அந்தப் பக்கம் திரும்பின.