வியர்க்காதவள்

தங்கைக்கு வியர்க்கவில்லை. வெயிலைப் பிடித்து அடைத்துவைத்தாற்போல் கொதிக்கும் அந்த பிளாஸ்டிக் கூடாரத்துக்குள், பழுத்த ஸ்ட்ராபெரியின் தித்திப்பு நெடியும் முந்தின நாள் அடித்த பூச்சிமருந்தின் வாடையும் சேர்ந்து தொண்டையை அறுக்க, மற்ற பெண்களெல்லாம் சட்டை முதுகோடு ஒட்டிக் குனிந்திருக்கையில், இவள் மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்தவள்போல எதிர்வரிசையில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். அக்காள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வயிறு எரிந்தது.

பிழைப்புக்காக இருவரும் ஒன்றாகத்தான் ஊரைவிட்டு வந்தார்கள். ஒரே தகரக் கொட்டகை, மேலும் கீழுமாக ஒரே கட்டில். ஆனாலும் நல்லதெல்லாம் சின்னவளைத் தேடித்தான் போகும். அம்மாவின் செல்லம் அப்படித்தான் போயிற்று. போன வாரம் அவள் வெயிலில் சுருண்டு விழுந்தபோது மேஸ்திரியே தூக்கிக்கொண்டு போய், பழப்பெட்டிகள் அடுக்கும் குளிர் அறையில் படுக்கவைத்தான். கூட வரட்டுமா என்று அக்காள் கேட்கவில்லை. நடிக்கிறாள் என்று நினைத்தாள். சாயங்காலம் அவள் தானாகவே நடந்து வந்ததும் அந்த நினைப்பு உறுதியாயிற்று.

அன்றிலிருந்து தங்கை களைப்பதில்லை. தண்ணீர் கேட்பதில்லை. அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும்படி மேஸ்திரி எல்லோரையும் ஏசினான். "உன் தங்கச்சி பக்கத்துல படுத்தா ஃபேனே வேணாம்டி" என்று அடுத்த கட்டில்காரி சிரித்தாள். அக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கொட்டகை வாசலில் பாத்திரம் கழுவும்போது கேட்டே விட்டாள்.

"தினமும் அந்தக் குளிர் ரூமுக்குப் போறியா?"

தங்கை பாத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். கண் இமைக்கவில்லை.

"நான் அங்கதான்க்கா இருக்கேன். நீ வந்துடாத."

என்ன நெஞ்சழுத்தம். அங்கேயே கிடப்பதைப் பெருமையாகச் சொல்கிறாள், அக்காளுக்கு மட்டும் இடம் கிடையாதாம். அன்று படுத்தவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் உச்சிவெயிலில், அக்காள் வேண்டுமென்றே கூடையோடு மண்ணில் சாய்ந்தாள்.

யாரோ கூப்பிட்டார்கள். கண்ணைத் திறக்கவில்லை. மேஸ்திரியின் செருப்புச் சத்தம் அவசரமில்லாமல் வந்தது. பழக்கப்பட்ட சுமையைத் தூக்குவதுபோல அவளைத் தோளில் போட்டுக்கொண்டான். கனத்த கதவு திறந்தது. குளிர் வந்து முகத்தைத் தடவியது. பெட்டிகளுக்கு நடுவே அவளைக் கிடத்திவிட்டுப் போனான். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

கழுத்து வியர்வை காய்ந்தது. எங்கோ இயந்திரம் ஒரே சுரத்தில் முனகியது. தங்கைக்குக் கிடைத்தது தனக்கும் கிடைத்துவிட்டது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

பிறகு பல் கிட்டியது. விரல்கள் மரத்தன. போதுமென்று எழுந்தாள். கதவின் உள்பக்கம் கைப்பிடி இல்லை. வேறு வழி இருக்குமோ என்று அடுக்குகளைச் சுற்றிப் பின்னால் போனாள். இனிப்பு வாடை. அதற்கடியில் வேறொரு வாடை. கடைசி அடுக்குக்குப் பின்னே பிளாஸ்டிக் தாள் ஒன்று கிடந்தது.

அதிலிருந்து ஒரு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது.

தாளை விலக்கினாள்.

தங்கை. விழுந்த அன்று உடுத்திய அதே பாவாடை. இமைகளில் வெள்ளையாய்ப் பனி. வாய் திறந்திருந்தது, கூப்பிட்டபடியே விறைத்ததுபோல.

கதவுக்கு ஓடினாள். அடித்தாள். கதவில் உள்ளங்கையளவு கண்ணாடி. மூச்சுப் படலத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

வெளியே வெயில். கூடார வாசல். தங்கை குனிந்து பழம் பறித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் இன்னொருத்தி.

முதுகில் சட்டை ஒட்டவில்லை. கை மடமடவென்று ஓடியது. மேஸ்திரி தலையாட்டி மெச்சினான். அவள் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினாள்.

அக்காளின் முகம். துளி வியர்வை இல்லை.