முதுகில்லாத கவுன்

அந்த வீட்டில் ஒரு போலீஸ் இருந்தாள். வயது பத்து. முட்டையை உடைக்கும் முன் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். "பல் விளக்கிட்டேன்" என்று தம்பி சொன்னால், பிரஷ் ஈரமா என்று தொட்டுப் பார்ப்பாள். அதனால் வீட்டில் அவளுக்குப் 'போலீஸ்' என்றே பெயர்.

அன்று அவள் பள்ளியிலிருந்து வந்ததும், தையல் மெஷின் முன் இருந்த அம்மா எதையோ அவசரமாகச் சுருட்டித் துணிக்கூடைக்குள் திணித்தார்.

"என்னம்மா அது?"

"ஒண்ணுமில்ல. ஒரு கஸ்டமரோட கவுன்."

"அதை ஏன் ஒளிக்கிறீங்க?"

"போய்க் கை கால் கழுவு, போ!"

போலீஸுக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

அம்மா நூல் வாங்கக் கடைக்குப் போனதும் கூடையைக் கிளறினாள். இளநீலத்தில் அழகான கவுன். கழுத்தில் லேஸ், இடுப்பில் சுருக்கு. அளவு பெரியம்மாவுடையது. அம்மாவின் அக்காவான பெரியம்மா, உடம்பு முடியாமல் முன்னறைக் கட்டிலில் படுத்திருந்தார்.

கவுனைத் திருப்பினாள். ஐயையோ! முதுகே இல்லை! இரண்டு நாடா மட்டும் தொங்கின.

ஒரு தையல் கோணினாலும் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கிற அம்மாவா இப்படி? அதுவும் சொந்த அக்காவையே ஏமாற்றுவதா? கவுனை அள்ளிக்கொண்டு முன்னறைக்கு ஓடினாள்.

"பெரியம்மா! உங்க துணியில அம்மா மிச்சம் பிடிச்சுட்டாங்க!"

பெரியம்மா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"இங்க வா கண்ணு. நான் செத்ததும் எனக்குப் போட்டுவிடுற கவுன் அது. படுத்திருக்கிறவ முதுகை யார் பார்க்கப் போறாங்க? போட்டுவிடவும் சுலபம். எல்லாத் தையல்காரங்களும் இப்படித்தான் தைப்பாங்க."

"உங்களுக்குச் சரியாயிடும்னு அம்மா சொன்னாங்களே!"

"உன்கிட்ட உண்மையைச் சொல்ல அவளுக்கு மனசு வரல."

"அப்ப நீங்க சொன்னதும் பொய்தானா? இயேசு சாவை ஜெயிச்சுட்டாரு, அவர் கூப்பிடும்போது நாமளும் எழுந்திருப்போம்னு சொன்னீங்களே?"

"அது பொய்யில்ல கண்ணு. அதை நம்பித்தானே பயமில்லாம படுத்திருக்கேன்."

போலீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியம்மாவை உற்றுப் பார்த்தாள்.

"நிஜமாவே எழுந்திருப்பீங்களா?"

"நிஜமாவே."

"அப்ப முதுகு?"

வாசலில் நூல்கண்டோடு அம்மா நின்றிருந்தார்.

பெரியம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அடியே தங்கச்சி! அத்தனை பேர் முன்னாடியும் என் மானம் போயிருக்குமேடி!"

மூவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்துக்கொண்டே அம்மா அழுதார். "எனக்கு ஏன் இது தோணல? உன்கிட்ட மறைச்சதும் தப்புதான்டா" என்று மகளை இறுக அணைத்துக்கொண்டார்.

அன்றே அம்மா பின்பக்கத்துக்குத் துணி வெட்டினார். பட்டன்களைப் போலீஸ் தைத்தாள். ஒவ்வொன்றையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் பெரியம்மா இறந்துபோனார். போலீஸ் தேம்பித் தேம்பி அழுதாள். நீலக் கவுனோடு பெரியம்மாவைப் பெட்டியில் கிடத்தியிருந்தார்கள். மூடப் போகும்போது அவள் அம்மாவின் காதில் கேட்டாள்.

"பட்டன் எல்லாம் போட்டீங்களா?"

"கழுத்து வரைக்கும் போட்டேன்."

போலீஸ் தலையாட்டினாள். தொட்டுப் பார்க்கவில்லை.